ஐயாவின் துவக்கும் மாமியின் நிலக்கீழ் அறையும்

எங்கள் குடும்பக் குழுவின் பெயர் ‘நீர்வேலி வீடு’. 19 பேர் இருக்கிறோம், வாய் திறப்பவர்கள் ஆறேழு பேர்தான். பிறந்தநாள் வாழ்த்து, செத்தவீட்டு அறிவித்தல், கோயில் திருவிழா நேரலை, இவ்வளவுதான் வழக்கமாக வரும். 2025 நவம்பர் 1, சனிக்கிழமை மட்டும் கதை துவக்குப் பக்கம் (துப்பாக்கிதான்) போய்விட்டது. எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், அதனால் என் போனில் உள்ள முறைப்பெயர்கள். பெரியப்பா நீர்வேலியில் பழைய வீட்டிலேயே இருக்கிறார். சித்தப்பா டொரொன்டோ. மாமி சூரிச்சுக்குப் பக்கத்தில். ஐயா என்று இவர்கள் மூவரும் சொல்வது தங்கள் அப்பாவை. அக்காவும் அத்தானும் ஒட்டுசுட்டானில் தென்னை வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய மகள், என் மருமகள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நேரம் எல்லாம் ஊர் நேரம், பின்னேரம்.

சுவிஸ் மாமி, 6.42
(படம்)
மகன் ஆமியிலிருந்து வந்துவிட்டான். 18 கிழமைப் பயிற்சி முடிந்தது. 7 கிலோ இறங்கியிருக்கிறான்.

அக்கா, 6.44
முகமே மாறிவிட்டது மாமி. நல்லாகச் சமைத்துக் கொடுங்கள்.

பெரியப்பா, 6.51
கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். பின்னால் கதிரையில் சாய்த்து வைத்திருப்பது குடையா?

சுவிஸ் மாமி, 6.52
குடை இல்லை பெரியண்ணை.

பெரியப்பா, 6.52
துவக்கா??

சுவிஸ் மாமி, 6.54
ஓம். இங்கே பயிற்சி முடித்தால் ஆமித் துவக்கை வீட்டுக்குத்தான் கொடுத்துவிடுவார்கள். வருசம் ஒருமுறை சுடும் இடத்துக்குப் போய்ச் சுட்டுக் காட்ட வேண்டும்.

அக்கா, 6.55
அந்தப் படத்தை அழியுங்கள் மாமி. பிள்ளையை மட்டும் போடுங்கள்.

சுவிஸ் மாமி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

சித்தப்பா, 7.05
இப்போதுதான் எழும்பித் தேத்தண்ணியோடு இருக்கிறேன். என்ன படம், ஏன் அழித்தீர்கள்?

நான், 7.05
துவக்கு.

சித்தப்பா, 7.06
யார் வீட்டில்? நான் தண்ணீர்த் துவக்கு வாங்கிக்கொண்டு போனதற்கு இரண்டு வருசம் என்னோடு கதைக்காமல் இருந்தவள் வீட்டிலா?

சுவிஸ் மாமி, 7.08
சின்னண்ணை, நீங்கள் அதைக் கொண்டுவந்தது 2009 ஜூன் மாதம். யோசித்துப் பாருங்கள்.

சித்தப்பா, 7.11
சரி.

சுவிஸ் மாமி, 7.19
சொல்லத்தான் வேண்டும். 2011 பெப்ரவரியில் இங்கே ஒரு வாக்கெடுப்பு. ஆமித் துவக்கை வீட்டில் வைக்கக் கூடாது, களஞ்சியத்தில்தான் வைக்க வேண்டும் என்று. குடியுரிமை கிடைத்து நான் போட்ட முதல் வாக்கு அது. ஆதரித்துப் போட்டேன். 56 வீதம் பேர் எதிர்த்தார்கள், தோற்றுப்போனது. இவர்களுக்கு விசரா என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னா, ‘என் அப்பாவின் துவக்கு கீழ் அறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும், ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கிறதில்லை’ என்று. துவக்கு நிற்கிற இடத்தை ஒரு மனிசர் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகலாம் என்பதே எனக்கு விளங்கவில்லை.

சுவிஸ் மாமி, 7.22
பிறகு 2019 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இறுக்கமான விதிகளை ஏற்பதா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 64 வீதம் பேர் ஓம் என்றார்கள். அதே கிழவியும் ஓம். மனம் மாறிவிட்டதா என்று கேட்டேன். ‘இல்லை, மறுத்தால் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பயணம் போய்விடும், நான் இத்தாலிக்கு எப்படிப் போவது’ என்றா.

நான், 7.23
இப்போது அது எங்கே நிற்கிறது மாமி?

சுவிஸ் மாமி, 7.27
கீழ் அறையில்தான். தோட்டா வீட்டுக்கு வராது. முன்பு 50 தோட்டாவை மூடிய தகரப் பேணியில் கொடுத்துவிடுவார்களாம், 2007 இல் அதை நிறுத்தத் தீர்மானித்துவிட்டார்கள். வெடிக்க வைக்கிற பாகத்தைக் கழற்றித் தன் அறையில் பூட்டி வைத்திருக்கிறான். நேற்றிரவு இரண்டு தரம் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் தரம் போக நினைத்தபடியே நித்திரையாகிவிட்டேன். விடிய எழும்பி அதை நினைத்து என்னையே ஏசினேன்.

பெரியப்பா, 7.30
நான் எழுதுகிறேன். பொறுங்கள். ஒருவரும் குறுக்கே வராதேயுங்கள்.

பெரியப்பா, 7.41
ஐயாவிடம் இரட்டைக்குழல் துவக்கு இருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குழல் அளவு 12 போர். வாழைக்கு வருகிற வௌவாலுக்கு வெடி வைப்பார். சில நாள் தொண்டைமானாற்றுப் பக்கம் போவார். வருசா வருசம் கச்சேரிக்கு, இப்போதைய மாவட்டச் செயலகத்துக்கு, போய் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு வேட்டி சால்வை, கலியாணவீட்டுக்குப் போவது போல. குழலுக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான். தேங்காயெண்ணெய் பிசின் பிடிக்கும் என்பார். வெறும் தோட்டாக் கோதை எங்களுக்குத் தருவார், உதட்டில் வைத்து ஊதினால் விசில். மருந்து மணம் நாள் முழுக்கக் கையில் இருக்கும். பத்து வயதில் எனக்குத் துவக்கு என்றால் அந்த மணமும் ஐயாவின் சால்வையும்தான். ஊரில் நாலைந்து பேரிடம் இருந்தது. வேலிச் சண்டைக்கு ஒருவரும் அதை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பொல்லும் கத்தியும்.

பெரியப்பா, 7.53
1984 மாரி. ஒரு இரவு நாலு பொடியள் வந்தார்கள். எந்த இயக்கம் என்று இங்கே வேண்டாம். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அதில் ஒருவன் என்னிடம் கணக்குப் படித்தவன். ஐயா உள்ளே போய் எடுத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். வாய் திறக்கவில்லை. தோட்டாப் பையைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான். சந்தோசமாகக் கொடுத்தேன், இனி அதை மறைத்து என்ன. 83 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவன் நான். எங்கள் கையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சித்தப்பா, 7.55
அண்ணை, இதை ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லையே. எல்லாம் ஐயாவே கொடுத்தார் என்றுதான்…

பெரியப்பா, 8.01
86 இல் இயக்கங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டார்கள். சந்தியில் கிடந்தவர்களில் அந்தக் கணக்குப் பொடியனும் ஒருவன். எந்தத் துவக்கால் என்று யாருக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஒரு யோசனை இருந்துகொண்டே இருந்தது.

பெரியப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

(நீக்கியது அதற்கு அடுத்த செய்தி. நான் வாசித்துவிட்டேன். இங்கே எழுத மாட்டேன்.)

பெரியப்பா, 8.09
துவக்குப் போனதைவிட லைசென்ஸ் புத்தகம் மிஞ்சியது பெரிய தலையிடி. ஆமி வந்து ‘துவக்கு எங்கே’ என்றால் என்ன சொல்வது? ஐயா அதை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுத் தென்னையடியில் தாட்டார். 87 ஜூலை 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், ஓகஸ்டில் பலாலியில் ஆயுத ஒப்படைப்பு. உடனே தோண்டி எடுத்தார், இனிப் புதுப்பிக்கலாம் என்று. ஒக்டோபர் 10 இல் இந்தியன் ஆமியோடு சண்டை தொடங்கியது. திரும்பத் தாட்டார்.

அக்கா, 8.10
95 இடப்பெயர்வுக்கு?

பெரியப்பா, 8.12
ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அந்தப் புத்தகம். இல்லாத துவக்கின் லைசென்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு சாவகச்சேரி வரை நடந்தோம்.

சித்தப்பா, 8.24
எனக்கு எல்லாம் தலைகீழ். ஊரை விட்டு ஓடிவந்ததே துவக்குக்குப் பயந்து. 91 இல் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஒருவன் கத்தியைக் காட்டிக் காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். விடிய முதல் வேலையாக எல்லோரிடமும் விசாரித்தது, துவக்கு எங்கே வாங்கலாம் என்று. தற்பாதுகாப்புக்கு என்றால் இங்கே அநேகமாகத் தர மாட்டார்கள் என்றார்கள். அப்போது கனடாவை நான் ஏசின ஏச்சு!

சித்தப்பா, 8.33
பிறகு 2014 இல் வேலைத்தளத்து நண்பன் மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பனிக்குள் விடியும் வரை அசையாமல் இருக்க வேண்டும். நான் சுடவே இல்லை, ஆனால் பிடித்துவிட்டது. பாதுகாப்பு வகுப்பு முடித்து லைசென்ஸ் படிவம் எடுத்தால், அதில் மனைவியின் கையெழுத்துக்கு இடம். போடாவிட்டால் அவர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள். சித்தி மாட்டேன் என்றுவிட்டா. ‘கோபம் வந்தால் டீவி ரிமோட்டையே எறிகிற மனிசன்’ என்றா. அவ சம்மதிக்க எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் நான் ரிமோட்டைத் தொட்டதில்லை.

அக்கா, 8.34
சித்திக்கு ஒரு சேலை வாங்கி அனுப்ப வேண்டும்.

சித்தப்பா, 8.42
2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். மே 1 இல் அரசாங்கம் சுமார் 1,500 மாதிரித் துவக்குகளைத் தடை செய்தது. என்னுடையது அதில் இல்லை. ஆனாலும் வேட்டைக் கூட்டாளிகளோடு சேர்ந்து நானும் கத்தினேன். கொன்றவனிடம் லைசென்ஸே இல்லை, எங்களை ஏன் பிடிக்கிறார்கள் என்று. 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தியபோது முதல் ஆளாக முகநூலில் எழுதினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நான், 8.42
பார்த்தோம். மூன்று பக்கம்.

சித்தப்பா, 8.47
போன வருசம் என்னுடையதை விற்றுவிட்டேன். சட்டம் கேட்கவில்லை, சித்தியும் கேட்கவில்லை. பெட்டி பூட்டித்தான் இருந்தது. பேத்தி தவழ்ந்து போய் மேசைக்குக் கீழே எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் பெட்டிச் சாவி.

மருமகள், 8.55
தாத்தா, ஒரு கேள்வியை அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பவர்களிடம் பல தடவை கேட்டிருக்கிறார்கள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று. 1999 இல் 49 வீதம் வேட்டைக்கு, 26 வீதம் பாதுகாப்புக்கு. 2023 இல் பியூ ஆய்வு நிலையம் கேட்டபோது 72 வீதம் பேர் பாதுகாப்பு ஒரு முக்கிய காரணம் என்கிறார்கள். கேட்ட முறை கொஞ்சம் வேறு, ஆனாலும் பெரிய மாற்றம். பொதுமக்களிடம் கேலப் கேட்டபோது கைத்துப்பாக்கியைத் தடை செய்யலாம் என்றவர்கள் 1959 இல் 60 வீதம். 2024 இல் 20.

பெரியப்பா, 8.57
முயலுக்கு வாங்கின சாமானை மனிசருக்குப் பயந்து வாங்குகிறார்கள். அங்கே களவு கொலை கூடிவிட்டதா?

மருமகள், 8.58
90 களின் தொடக்கத்தோடு பார்த்தால் நல்லாகக் குறைவு.

பெரியப்பா, 8.58
அப்போ பயம் எங்கே இருந்து வருகிறது?

மருமகள், 8.59
போனில் இருந்து தாத்தா. எனக்கும் வந்ததுதான். வாள்வெட்டுக் காணொளிகள் ஒவ்வொரு இரவும் வந்த காலத்தில், வீட்டில் ஒரு துவக்கு இருந்தால் என்ன என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா அடிக்க வந்தா.

அக்கா, 9.06
ஓம், அடிக்கத்தான் வந்தேன். இப்போது நான் ஒன்று சொல்கிறேன், ஒருவரும் ஏசக் கூடாது. துவக்கு லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

சுவிஸ் மாமி, 9.06
நீயா?

நான், 9.07
வங்கி வாசலில் காவலாளியின் துவக்கைக் கண்டு, காசும் எடுக்காமல் திரும்பி வந்தவள் நீ.

அக்கா, 9.15
வந்தேன். நான் வன்னிச் சண்டைக்குள் இருந்து வந்தவள், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மார்ச் 15 இல் நாடு முழுக்கக் குரங்கு, மயில், மர அணில் எண்ணினார்களே, காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம். எங்கள் காணியில் மட்டும் குரங்கு 23. குரும்பையாகவே பிடுங்கி எறிகிறது. அதைக்கூட விடலாம். பன்றியும் யானையும் இரவில். இவர் டோர்ச்சும் யானை வெடியுமாக இரண்டு மணிக்கு வெளிக்கிடுவார். முன்பு வெடிச் சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும். இப்போது இவர் போய் அரை மணித்தியாலமாக ஒரு வெடியும் கேட்காவிட்டால் நடுங்குகிறது.

அத்தான், 9.21
விண்ணப்பம் போட்டது இவ. நான் கையெழுத்து மட்டும். எனக்கு மனமில்லை. பக்கத்துக் காணியில் பன்றி தட்டினால் தானாக வெடிக்கக் கட்டின கட்டுத்துவக்கில், மாடு தேடிப் போன பொடியனுக்கு முழங்கால் போனது. தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான்.

அக்கா, 9.22
கட்டுத்துவக்கு சட்டவிரோதம். நாங்கள் கேட்பது லைசென்ஸோடு. இரண்டையும் ஒன்றாக்காதேயுங்கள்.

அத்தான், 9.23
முழங்காலுக்கு அது தெரியாது.

சித்தப்பா, 9.24
போன நவம்பரில் கொடுத்த துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு திருப்பிக் கேட்டதே?

அக்கா, 9.25
அது தற்பாதுகாப்புக்கு என்று கொடுத்தவை. இது பயிருக்கு. கிராம அலுவலரில் இருந்து மாவட்டச் செயலகம் வரை கையெழுத்துக்கு நடக்கிறோம்.

மருமகள், 9.26
எல்லாம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். இடையில் திருத்தினார்கள், ஆனால் அதே சட்டம்.

பெரியப்பா, 9.29
ஐயா புதுப்பித்ததும் அதில்தான்.

பெரியப்பா, 9.38
(படம்)
புத்தகம். கடைசி முத்திரை 1984 க்கு. கறையான் ஒரு மூலை தின்றுவிட்டது, ஐயாவின் கையெழுத்து தப்பியிருக்கிறது.

சுவிஸ் மாமி, 9.39
அந்த ‘க’ வை அப்படி வளைத்து எழுத ஐயாவால்தான் முடியும்.

பெரியப்பா, 9.44
மருமகன், லைசென்ஸ் கிடைத்தால் சொல்லுங்கள். குழல் துடைக்கிற கம்பி இன்னும் இருக்கிறது. முன் அறைச் சின்ன யன்னல் திரை அதில்தான் தொங்குகிறது.

நான், 9.44
அது துவக்குக் கம்பியா? சின்ன வயதில் நான் ஊஞ்சல் ஆடி அடி வாங்கின கம்பி!

அத்தான், 9.46
அது யன்னலிலேயே இருக்கட்டும் பெரிய மாமா.

அக்கா, 9.46
கழற்றி எண்ணெய் போட்டு வையுங்கள் பெரியப்பா.

பெரியப்பா, 9.52
முதலில் இரண்டு பேரும் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது, நான் யன்னல் சாத்தப் போகிறேன்.