நீட் ரிப்பீட் வருஷம்: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி இருந்தா எழுதுங்க (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம்)

பாலாத்தங்கரை:
லேமினேட் பண்ண சாதிச் சான்றிதழ். அதைத்தான் அந்த அப்பா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இ-சேவை கவுண்டர் முன்னாடி நின்னார். பையனுக்கு அகில இந்திய ஒதுக்கீட்டுல, ஓ.பி.சி. பிரிவுல சீட். சேர இன்னும் மூணே நாள். "எம்.பி.சி. சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும்னாங்களே சார்?"

செல்லும், நம்ம மாநில ஒதுக்கீட்டுக்கு. 15 சதவீத அகில இந்திய இடத்துக்கு மத்திய அரசு படிவத்துல, கிரீமி லேயர் (வசதியான அடுக்கு) இல்லைன்னு சொல்ற ஓ.பி.சி. சான்று வேணும். அதுவும் நடப்பு நிதியாண்டுல, ஏப்ரல் 1-க்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும். ரிப்பீட் பசங்க வீட்டுலதான் இது அதிகம் கவுக்குது. போன வருஷம் வாங்கினது பீரோவுல பத்திரமா இருக்கும், அதையே நம்பிடுவாங்க.

மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு மூணு மேசை தாண்டணும். சிக்கறது வருமானத்துல. கிரீமி லேயருக்கான வருஷத்துக்கு 8 லட்சம் வரம்புல சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அப்பா அம்மாவோட அரசுப் பதவி எந்த குரூப்னு தனியா பார்ப்பாங்க. இது தெரியாம எல்லாத்தையும் கூட்டிப் போட்டு "நமக்குக் கிடைக்காது"ன்னு மனுவே போடாத வீடுங்க உண்டு. இன்னொண்ணு, மாநிலப் பட்டியல்ல இருக்கற எல்லா பேரும் மத்தியப் பட்டியல்ல இருக்காது. சாதிப் பேர் அங்க எந்த எழுத்துல இருக்குன்னு முதல்லயே பாருங்க.

காட்பாடி பிசிக்ஸ்:
மாடல் டெஸ்ட் முடியற நேரம். நல்லா படிக்கற பொண்ணு, ரெண்டாவது அட்டெம்ப்ட். ஓ.எம்.ஆர். தாளை (வட்டத்தைக் கருப்பாக்கற விடைத்தாள்) பார்த்துக்கிட்டே அப்படியே உறைஞ்சு போச்சு. 41-வது கேள்வியை விட்டுட்டு, 42-க்கான விடையை 41-ல கருப்பாக்கி, 60 வரைக்கும் ஒரு வரி தள்ளியே போயிருக்கு.

கணக்கு போடுங்க. 20 கேள்வி சரியா இருந்தா 80 மார்க். தள்ளிப் போனதுல குருட்டாம்போக்குல அஞ்சு பொருந்தினா 20 வரும், மீதி 15-க்கு மைனஸ் 15. கையில நிக்கறது 5. பால்பாயிண்ட்ல கருப்பாக்கினதை அழிக்கவும் முடியாது. அதனால விடையெல்லாம் கடைசியில ஒட்டுமொத்தமா தாளுக்கு ஏத்தக்கூடாது, ஒவ்வொரு கேள்விக்கும் தாளுக்கும் பேனா தாவவும் கூடாது. ஒரு பக்கம் முடிஞ்சதும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் நிரப்பணும். விட்ட கேள்வி எண்ணை வினாத்தாள்ல வட்டம் போட்டு வைக்கணும்.

2021-லேர்ந்து 2024 வரைக்கும் 200 கேள்வியில 180 எழுதினா போதும், நேரம் 2021-ல 180 நிமிஷம், 2022-லேர்ந்து 200 நிமிஷம். 2025-லேர்ந்து 180-ம் கட்டாயம், 180 நிமிஷம்தான். பழைய தாளைப் பழைய நேரத்துலயே போட்டுப் பார்த்து "620 வருது சார்"னு சொல்றது வெறும் ஏமாத்து. பயாலஜி 90-க்கு 50 நிமிஷம், கெமிஸ்ட்ரி 50, பிசிக்ஸ் 65, மீதி 15 விட்டதுக்கு. பரீட்சை மதியம் 2 மணிக்கு. நம்ம பசங்க விடியக்காலை 4 மணிக்கு எழுந்து படிச்சுட்டு, சாப்பிட்டதும் 2 மணிக்குத் தூங்கற வழக்கம். ஜனவரியிலேர்ந்து ஞாயித்துக்கிழமை 2-லேர்ந்து 5, வேலூர் வெயில்லயே மாடல் டெஸ்ட் எழுதிப் பழகட்டும்.

அண்ணனோட பழைய கைடை வெச்சுப் படிக்கறவங்க 2024 பாடத்திட்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி, கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் எல்லாம் போயாச்சு. வெர்னியர், ஸ்க்ரூ கேஜ்னு செய்முறைப் பகுதி பிசிக்ஸ்ல வந்திருக்கு. தமிழ்ல எழுதறவங்களுக்கு ரெண்டு மொழியும் இருக்கற தாள் வரும். மொழிபெயர்ப்புல முரண் இருந்தா ஆங்கிலம்தான் இறுதி. சந்தேகம் வந்தா ஆங்கிலப் பத்தியைப் படிக்கணும்.

பாகாயம் சிஸ்டர்:
மேல எழுதினவங்க ரெண்டு பேரும் பரீட்சையையும் பேப்பரையும் தாண்டி வரல. டாக்டர் ஆகப் போற பிள்ளை ஆஸ்பத்திரி வாசனையே தெரியாம ஒரு வருஷம் அறைக்குள்ள உக்காந்தா என்ன பிரயோஜனம்?

சொல்ல வந்தது இதுதான். வார்டுல உதவிக்கு வந்த ரிப்பீட் பையன், யாரோ ட்ரேயில போட்டுட்டுப் போன ஊசியை எடுத்து, உதவி பண்றதா நினைச்சு, மூடியை வெறுங்கையால மாட்டப் போனான். மூடி ஒரு கையில, ஊசி ஒரு கையில. "வை கீழ!"ன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் நின்னான். பயன்படுத்தின ஊசிக்கு மூடி போடவே கூடாது, அப்படியே ஷார்ப்ஸ் டப்பாவுக்குள்ள (ஊசி, பிளேடு போடற குத்தாத டப்பா) போகணும். தன்னார்வலர் ஊசியைத் தொடவே வேணாம். குத்திடுச்சுன்னா பிதுக்காதீங்க, வாயில வெக்காதீங்க. ஓடற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவி, உடனே பொறுப்பு டாக்டர்கிட்ட சொல்லணும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைன்னா எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாசக் கணக்கு. ஜூன்ல முதல் ஊசின்னா ஜூலை, டிசம்பர். மூணாவது போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டி-ஹெச்.பி.எஸ். டெஸ்ட் (ஊசி வேலை செஞ்சிருக்கான்னு பார்க்கற ரத்தப் பரிசோதனை) எடுத்தா 10-க்கு மேல இருக்கணும். ரிப்பீட் வருஷத்துல இது கச்சிதமா முடியும். காலேஜ் சேர்ந்த பிறகு ஓடறதை விட இப்பவே போட்டுடலாம்.

அனுமதிக் கடிதம் இல்லாம எந்த வார்டுக்குள்ளயும் போகாதீங்க. சக்கர நாற்காலி தள்ளறது, படிவம் நிரப்பறது, வங்காளத்துலேர்ந்து வர்ற நோயாளிங்களுக்கு இடம் காட்டறது, இதுவே போதும். அனுமதி கிடைச்சா கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில உணர்ச்சி இழந்த கால்களை எப்படிப் பார்க்கறாங்கன்னு பாருங்க. தினமும் தண்ணியில ஊறவெச்சு, தடிச்ச தோலைத் தேய்ச்சு, எண்ணெய் தடவி, எம்.சி.ஆர். செருப்பு (மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு) போட்டுக்கணும். மருந்தை விடப் பழக்கம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அங்கதான் தெரியும்.

குடியாத்தம் 632:
இன்னா சிஸ்டர், ஊசி மூடியைப் பத்தி சொல்லிட்டு, படிக்கற புள்ளைய வார்டுக்கு இஸ்துக்கினு போறீங்க? வாரத்துல அரை நாளுக்கு மேல வேணாம். பிப்ரவரிக்கு அப்புறம் சுத்தமா வேணாம்.

இங்க பசங்க மாட்டறது வேற இடம். சும்மா இருக்கக்கூடாதுன்னு பி.எஸ்சி. சேர்ந்துக்கினாங்க. கவுன்சலிங்ல சீட் வந்துச்சு. ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் அந்த காலேஜ் அலமாரியில கீது. "முழு வருஷ ஃபீஸைக் கட்டிட்டு எடுத்துக்கோ"ன்னு சொன்ன கிளார்க், சாவியை மேசை மேல தட்டிக்கினே இருந்தார். அந்த சத்தம் இன்னும் காதுல கீது.

ஒரிஜினலைப் பார்த்துட்டு அங்கயே திருப்பிக் கொடுத்துடணும், பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்றது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல போட்ட விதி. ஃபீஸ் திருப்பறதும் அதுலயே கீது: சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடின்னா 100 சதவீதம், அதுக்குள்ளன்னா 90, முடிஞ்சு 15 நாளுக்குள்ள 80, 30 நாளுக்குள்ள 50, அப்புறம் ஒண்ணும் இல்ல. எழுத்துல மனு கொடுத்து நகல்ல சீல் வாங்குங்க, வாயால கேட்டா வேலைக்கு ஆவாது. சேர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்குங்க.

அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு ரிப்பீட் பண்ணாலும் போகாது. ஆனா 6-லேர்ந்து 12 வரைக்கும் படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் தலைமையாசிரியர் கையெழுத்து வேணும். ஒடுகத்தூர்ல 8 வரைக்கும், அணைக்கட்டுல மீதின்னா ரெண்டு இடத்துக்கும் போவணும். மே மாசம் ஸ்கூல் பூட்டிக் கெடக்கும், ஏப்ரல்லயே வாங்கிடுங்க.

ஆரணி ரோடு:
சென்டர் வாசல்ல 1:20-க்கு ஒரு அம்மா, போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ இல்லாம. ஞாயித்துக்கிழமை, ஸ்டூடியோ எல்லாம் மூடியிருக்கு. 1:30-க்கு கேட் பூட்டிடுவாங்க. அட்மிட் கார்டோட வர்ற படிவத்துல 4-க்கு 6 அங்குல போட்டோவை முன்னாடியே ஒட்டிடணும். வருகைப் பதிவுக்கு பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு தனியா. முழுக்கை சட்டை, ஷூ வேணாம். அந்த அம்மா என்ன ஆனாங்கன்னு தெரியல.

பாலாத்தங்கரை:
சிஸ்டர், குழந்தையிலேயே ஹெப்பாடைடிஸ் ஊசி போட்டிருந்தா திரும்ப மூணும் போடணுமா?

பாகாயம் சிஸ்டர்:
தடுப்பூசி அட்டையில மூணு டோஸ் பதிவு இருந்தா மறுபடி மூணும் வேணாம். டெஸ்ட் மட்டும் எடுங்க. 10-க்குக் கீழ வந்தா ஒரு பூஸ்டர், ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட். அட்டை தொலைஞ்சிருந்தா போடாத மாதிரியே எடுத்துக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம், கெடுதல் இல்ல. குடியாத்தத்துக்கு: அரை நாள்னுதான் நானும் சொல்றேன்.