உள்ளே தாழ்ப்பாள் உண்டா?

குழு: நம் வீட்டார்

சனிக்கிழமை

காலை 7:10
நான்: நேற்றுக் கூட்டம் முடிய இரவு ஒன்பது மணியாகிவிட்டது. அதனால்தான் யாருடைய அழைப்பையும் எடுக்க முடியவில்லை. தண்ணீர், கழிப்பறை விஷயத்தில் வேலை செய்கிற சின்னச் சின்ன அமைப்புகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்தோம். இவற்றுக்கான அரசின் புதிய கொள்கை வரைவு வெளியாகியிருக்கிறது. கருத்துச் சொல்ல இந்த மாதக் கடைசி வரை நேரம். ஆளுக்கொரு கடிதம் போடாமல் எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கப் போகிறோம்.

காலை 7:18
பெரியப்பா: நல்லதம்மா. ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கூடிப் பேசிக் கடிதம் கொடுத்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா? வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். கொள்கை என்று எவ்வளவோ காகிதம் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது.

காலை 7:21
அண்ணன்: எனக்கும் அதே கேள்விதான். பம்ப் வேண்டும், குழாய் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். கூட்டமைப்பு இதில் எதைச் செய்யும்?

காலை 7:34
நான்: பம்பை எங்கே போடுவது, கெட்டுப்போனால் யார் பணத்தில் சரி செய்வது என்பதெல்லாம் காகிதத்தில்தானே அண்ணா முடிவாகிறது. அந்தக் காகிதத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2000இல் ஐநா, 2015க்குள் உலகம் எட்ட வேண்டிய புத்தாயிரம் இலக்குகளை வகுத்தபோது குடிநீர் அதில் இருந்தது. கழிப்பறை இல்லை. 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில்தான் அதைச் சேர்த்தார்கள். தானாகச் சேரவில்லை. பல நாட்டு அமைப்புகள் அங்கே போய் வற்புறுத்திச் சேர்க்க வைத்தன.

காலை 7:36
தங்கை: இரண்டு வருடம்தானே தள்ளிப்போனது?

காலை 7:43
நான்: குடிநீர் இலக்கை உலகம் 2010லேயே எட்டிவிட்டது. கழிப்பறை இலக்கை 2015இல் கெடு முடியும்போதும் எட்டவில்லை. இலக்குக்கு இன்னும் கிட்டத்தட்ட 70 கோடிப் பேர் பாக்கி. அந்த இரண்டு வருடம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கழிப்பறையைப் பற்றி மேடையில் பேசவே பெரிய மனிதர்கள் கூசினார்கள். பேசக் கூசுகிற விஷயத்துக்குப் பணம் ஒதுக்கவும் யாரும் முன்வருவதில்லை. அதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்க ஒரு கூட்டம் வேண்டும். தனியாக ஒருத்தர் சொன்னால் எடுபடாது.

காலை 8:02
சித்தி: இதைப் படித்ததும் எங்கள் பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு நான்கு கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். சுவரில் பெயர்ப் பலகைகூட இருக்கிறது. இரண்டில் உள்ளே தாழ்ப்பாள் இல்லை, கழன்று விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனாலேயே ஜோடி ஜோடியாகப் போகிறார்கள். ஜோடி கிடைக்காதவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

காலை 8:04
சித்தி: மேலே கேட்டால், உங்கள் பள்ளியில் நான்கு கழிப்பறை இருப்பதாகத்தானே பதிவில் இருக்கிறது என்கிறார்கள்.

காலை 8:05
அத்தை: ஐயோ பாவம் அந்தப் பிள்ளைகள்.

காலை 8:20
நான்: சித்தி, இதைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்துகிற கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளிக் கழிப்பறையைக் கணக்கெடுக்க அவர்கள் கேட்கச் சொல்லும் கேள்விகளில், கதவை உள்ளேயிருந்து பூட்ட முடிகிறதா என்பதும் ஒன்று. பூட்ட முடியாவிட்டால் அது பயன்படுத்தத் தக்க கழிப்பறைக் கணக்கில் வராது. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாகவும் இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் உங்கள் பள்ளியில் இருப்பது நான்கு இல்லை, இரண்டு.

காலை 8:22
சித்தி: தாழ்ப்பாள்கூட அதில் இருக்கிறதா!

காலை 8:31
நான்: இருக்கிறது. நேற்று நாங்கள் சண்டை போட்டதே இதற்குத்தான். அரசின் வரைவில் 'கழிப்பறை வசதி' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். எது வசதி என்று எழுதவில்லை. வரையறை இல்லாவிட்டால் நாலு சுவரையும் வசதி என்று எண்ணிவிடலாம்.

காலை 8:40
நான்: பெரியப்பாவுக்காக ஒரு கணக்கு. 2015இல் பழைய அளவுகோலின்படி மேம்பட்ட குடிநீர், அதாவது குழாய், மூடிய கிணறு போன்றவற்றின் தண்ணீர், கிடைக்காதவர்கள் உலகத்தில் 66.3 கோடி. அப்புறம் அளவுகோலை மாற்றினார்கள். தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே இருக்க வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், கிருமியும் நச்சும் இல்லாமல் இருக்க வேண்டும். அதே 2015ஐப் புதிய அளவுகோலில் எண்ணினால் 210 கோடி. கழிப்பறையில் 240 கோடி என்று இருந்தது 450 கோடி ஆனது. கழிவு கடைசியில் எங்கே போகிறது என்றும் பார்க்கத் தொடங்கியதால் அவ்வளவு கூடியது.

காலை 8:52
பெரியப்பா: ஒரே வருடம், ஒரே மக்கள், தண்ணீரில் எண் மட்டும் மூன்று மடங்கு. கணக்கில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதைப் பாக்கி என்று எழுதுகிறோமோ அதைத்தான் வசூலிக்கப் போவார்கள். எழுதாத பாக்கி யார் கண்ணிலும் படாது. சரி, இப்போது நீ சொல்வது எனக்குப் பிடிபடுகிறது.

காலை 8:53
தங்கை: இப்போது எவ்வளவு?

காலை 8:58
நான்: 2024 நிலவரப்படி பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்கள் சுமார் 210 கோடி, பாதுகாப்பான கழிப்பறை வசதி இல்லாதவர்கள் சுமார் 340 கோடி. 2015ஆம் ஆண்டின் எண்களைப் பிறகு திருத்தியிருக்கிறார்கள், அதனால் நான் முன்னே சொன்னவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. திருத்திய கணக்கில் இரண்டிலுமே குறைந்திருக்கிறது. திறந்தவெளிக்குப் போகிறவர்கள் இன்னும் சுமார் 35 கோடி.

காலை 9:15
தங்கை: வகுப்பில் படித்தோம், 2010 ஜூலை 28இல் தண்ணீரும் கழிப்பறையும் மனித உரிமை என்று ஐநா பொதுச்சபை தீர்மானம் போட்டது. பொலிவியா கொண்டுவந்தது. 122 நாடுகள் ஆதரவு, 41 நாடுகள் நடுநிலை, எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதே அக்கா?

காலை 9:27
நான்: கட்டுப்படுத்தாது. ஆனால் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க ஒரு காகிதம் கிடைத்தது. 2015 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. கழிப்பறை, தண்ணீரின் வால் இல்லை, அது தனியே ஓர் உரிமை என்று பொதுச்சபை பிரித்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்தே எழுதினால் தண்ணீருக்குப் பின்னால் கழிப்பறை மறைந்துபோகிறது. சித்தி சொன்ன ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தண்ணீர் இருக்கிறது, கழிப்பறைக்குப் பயந்து அதைக் குடிக்காமல் இருக்கிறாள். இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

காலை 9:40
அண்ணன்: எங்காவது ஜெயித்துக் காட்டியிருக்கிறார்களா? அதைச் சொல்.

காலை 9:58
நான்: ஐரோப்பாவில் தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும் சேர்ந்து 'தண்ணீர் உரிமை' என்று கையெழுத்து இயக்கம் நடத்தின. சரிபார்த்த கையெழுத்து மட்டும் 16 லட்சத்துக்கு மேல். பொதுச் சேவைகளை நடத்தும் பொறுப்பை நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடுவது பற்றிய குத்தகைச் சட்டம் ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. 2013இல் அதிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டார்கள். 2020இல் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, வீடில்லாதவர்கள் போன்றவர்களுக்கும் தண்ணீர் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஏழு வருடத்தில் இரண்டு வரி.

காலை 10:04
நான்: உகாண்டாவில் வேறு மாதிரி. ஊவாஸ்நெட் என்ற கூட்டமைப்பு, தன் உறுப்பு அமைப்புகள் எங்கே என்ன செய்தன, எவ்வளவு செலவழித்தன என்று வருடா வருடம் அறிக்கை போடுகிறது. அரசும் நிதி தருகிறவர்களும் உட்காருகிற ஆய்வுக் கூட்டத்தில் அதுவும் மேசைக்கு வருகிறது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். தன் கணக்கைக் காட்டிவிட்டு அடுத்தவர் கணக்கைக் கேட்கிறார்கள்.

காலை 10:11
அண்ணன்: அங்கேதான் வருகிறேன். உங்கள் கூட்டமைப்புக்கு யார் பணம் தருகிறார்கள்?

காலை 10:30
நான்: பெரும்பகுதி வெளி நிதிதான் அண்ணா. அது எனக்கும் உறுத்துகிற விஷயம். நிதி நின்றால் வேலையும் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். கூட்டத்தில் பெரிய அமைப்புக்காரர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், குடியிருப்பிலிருந்து வந்த பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நேற்று அவர்களை முதலில் பேச வைத்தோம். ஒரு அம்மா எழுந்து, "குழாய் இருக்கிறது என்று எழுதாதீர்கள், எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுங்கள்" என்றார். மொத்த அறையும் பேனாவை எடுத்தது.

காலை 10:33
அத்தை: அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தெருவில் விடியற்காலை மூன்று மணிக்கு வருகிறது. முதலில் குழாய் புஸ்ஸென்று காற்று விடும், அந்தச் சத்தத்துக்கே எனக்கு விழிப்பு வந்துவிடும். பகலில் வேலைக்குப் போகிற பெண்கள் எப்போது தூங்குவார்கள்?

காலை 10:41
அத்தை: இன்னொன்றும் எழுதிக்கொள். போன மாதம் பக்கத்து வீட்டில் செப்டிக் டேங்க் எடுத்தார்கள். லாரியின் குழாய் அடிவரை எட்டவில்லை என்று ஒரு பையனை உள்ளே இறங்கச் சொன்னார்கள். கையுறைகூட இல்லை. நான் போய்க் கத்தினேன். நிறுத்திவிட்டுப் போனார்கள். நான் அந்த நேரம் வீட்டில் இல்லாவிட்டால்?

காலை 10:44
அண்ணன்: இறங்கவே கூடாது. தொட்டிக்குள் இருக்கிற வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சேர்ந்து போவதுதான் அடிக்கடி நடக்கிறது.

காலை 10:50
நான்: கத்தியதற்கு நன்றி அத்தை. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் இன்னும் சிலரும் சேர்ந்து 2019இல் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் கொள்கையின் கண்ணிலேயே படாமல் இருப்பதைத்தான் அது பேசுகிறது. எங்கள் கடிதத்தில் அவர்களுக்கு ஒரு பத்தி இருக்கிறது, போதாது. அண்ணா, தொட்டிக்கு லாரி குழாய் எட்டும்படி வழி விட்டுக் கட்ட வேண்டும் என்பதைத் தொழில்நுட்ப வார்த்தையில் எழுதித் தர முடியுமா?

காலை 10:52
அண்ணன்: இன்று இரவு தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

மாலை 5:15
பெரியப்பா: நீ அனுப்பிய கொள்கை வரைவு முழுவதும் படித்தேன். கட்டுவோம், அமைப்போம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பராமரிப்பு ஒரே ஓர் இடத்தில் வருகிறது, "உள்ளூர் அமைப்புகள் பார்த்துக்கொள்ளும்" என்று. எந்தப் பணத்தில்? கழன்று விழுந்த தாழ்ப்பாளை ஒரு வருடமாக ஏன் யாரும் போடவில்லை என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கட்டுவதற்கு ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. திருகு வாங்கத் தலைப்பு கிடையாது. எந்தத் தலைப்பிலும் சேராத செலவை எந்த அதிகாரியும் செய்ய மாட்டார், நல்லவராகவே இருந்தாலும்.

மாலை 5:29
நான்: பெரியப்பா, ஆப்பிரிக்காவில் இதையேதான் கேட்டார்கள். 2008இல் டர்பனில் முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டு அரசுகள் கையெழுத்துப் போட்ட எதேக்வினி பிரகடனம் என்று ஒன்று. துப்புரவுக்கும் சுகாதாரத்துக்கும் தனி ஒதுக்கீடு வைக்கிறோம், நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 0.5 சதவீதத்தை எட்டுவோம் என்றார்கள். பெரும்பாலான நாடுகள் எட்டவில்லை. எட்டவில்லை என்று கூட்டமைப்புகளால் ஒவ்வொரு மாநாட்டிலும் எழுந்து சொல்ல முடிந்ததே, அந்த எண் எழுத்தில் இருந்ததால்தான்.

மாலை 5:41
பெரியப்பா: அப்படியானால் இதையும் சேர். தனித் தலைப்பு வேண்டும். ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். ஒதுக்கீட்டை மட்டும் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். வருடக் கடைசியில் பாதிப் பணம் திரும்பிப் போனதை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. பத்தியை நானே எழுதி அனுப்புகிறேன்.

மாலை 5:43
நான்: நீங்கள் எழுதித் தந்தால் எங்கள் எல்லாருக்கும் பெரிய உதவி பெரியப்பா.

இரவு 9:20
நான்: எல்லாரும் தந்ததைச் சேர்த்துக் கடிதம் தயாராகிவிட்டது. பள்ளிப் பகுதியை மட்டும் இங்கே போடுகிறேன், சித்தி பார்த்துச் சொல்லுங்கள்.

"கதவை உள்ளேயிருந்து பூட்டத் தாழ்ப்பாளும், உள்ளே தண்ணீரும், மூடியுள்ள குப்பைக்கூடையும் இருந்து, கணக்கெடுக்கும் நாளில் பயன்பாட்டில் இருப்பதை மட்டுமே கழிப்பறை என்று எண்ண வேண்டும். பழுதானால் ஏழு நாளுக்குள் சரிசெய்யும் தொகை தலைமை ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும்."

இரவு 9:34
சித்தி: படித்தேன். தாழ்ப்பாள் என்ற இடத்தில் 'ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில்' என்று சேர்த்துவிடு. மீதி இரண்டு கதவிலும் தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருக்கிறது. சின்னது உள்ளே போனால் அதற்கும் வெளியே ஒருத்தி நிற்க வேண்டியிருக்கிறது.

இரவு 9:36
நான்: சேர்த்துவிட்டேன் சித்தி. கீழே உங்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன்.