துப்பாக்கிக்கு பார்கோடு ஒட்டினால் கிடங்குக் கணக்கு சரியாகிவிடுமா?

ஸ்கேனர்:
இராக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2004-05இல் இராக்கியப் படைகளுக்கு வழங்கியதாக அமெரிக்கப் பயிற்சித் தளபதி சொன்ன ஏகே-47 சுமார் 1,85,000. பேரேட்டில் இருந்தது 75,000. கைத்துப்பாக்கி 1,70,000 என்றார், பேரேட்டில் 90,000. 2007 ஜூலையில் அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் சொன்ன "1,90,000 ஆயுதங்களுக்குக் கணக்கில்லை" என்பது இந்த இரண்டு இடைவெளியின் கூட்டுத்தொகை. 2005 டிசம்பர் வரை அங்கே மையப் பேரேடே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பார்கோடு, கிடங்கு வாசலில் ஸ்கேனர், எல்லாவற்றுக்கும் ஒரே தரவுத்தளம் இருந்தால் இது நடந்திருக்காது.

பேரேடு பாண்டி:
ஆப்கானில் கணினி இருந்ததே சார். ஒன்றல்ல, இரண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலேறுவதைப் பதிய 'ஸ்கிப்', காபூலில் இறங்கிக் கைமாறுவதைப் பதிய 'ஓவர்லார்ட்'. சீரியல் நம்பரைப் பதிய வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டமே சொன்னது. 2014 ஜூலையில் சிகார் (ஆப்கான் சீரமைப்புச் செலவைக் கண்காணித்த அமெரிக்கத் தணிக்கை அமைப்பு) ஓவர்லார்டைத் திறந்தால், 4,74,823 எண்களில் 2,03,888இல் தகவல் விடுபட்டிருந்தது, அல்லது எண் இருமுறை வந்திருந்தது. 43 சதவீதம்! இரண்டும் தாமாகப் பேசிக்கொள்ளாது, ஆள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஸ்கேனர் வாங்கினாலும் முதல் பதிவை ஒருவர் உலோகத்தைப் பார்த்துத்தான் போடணும்.

ஸ்கேனர்:
அது இரண்டு அமைப்பு வைத்த தவறு. ஒன்றாக்கியிருந்தால் இருமுறை வந்த எண்ணை மென்பொருளே தடுத்திருக்கும்.

லாட் நம்பர்:
தடுத்திருந்தால் இன்னும் மோசம். ஏகே வகைக்கு எண் உலகம் முழுக்கத் தனித்தன்மை உள்ளதல்ல. வேறு வேறு நாட்டு ஆலைகளில், வேறு வேறு ஆண்டுகளில் அதே எண் வரும். நாடு, ஆலைக் குறி, ஆண்டு, எண் நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கி. எண்ணை மட்டும் தனி அடையாளமாக வைத்த மென்பொருள் இரண்டாவது துப்பாக்கியை ஏற்காது. கிடங்குக்காரர் கடைசியில் ஒரு 'ஏ' சேர்த்து உள்ளே தள்ளுவார். அடுத்த தணிக்கையில் அந்த எண் எந்தத் துப்பாக்கியிலும் இருக்காது. ரஷ்ய எழுத்து முன்னொட்டை ஆங்கில எழுத்தாக அடிப்பதும் முன்னால் உள்ள பூஜ்யத்தை விடுவதும் இதே ரகம்.

துப்பாக்கியாவது பரவாயில்லை, எண் இருக்கிறது. தோட்டாவுக்கு என்ன செய்வீர்கள்?

ஸ்கேனர்:
பெட்டிக்கு பார்கோடு. சோவியத் வகை 7.62×39 (ஏகே-47 தோட்டா) என்றால் தகர டப்பாவுக்கு 660, மரப்பெட்டிக்கு இரண்டு டப்பா, 1,320. சீல் உடையாதவரை பெட்டிதான் அலகு.

பேரேடு பாண்டி:
சீல் உடைந்த பிறகுதானே திருட்டு. கேரளத்தில் 2020இல் சிஏஜி அறிக்கை என்ன சொன்னது? சிறப்பு ஆயுதப் பட்டாலியனில் 12,061 தோட்டா குறைவு. பயிற்சிக்கான 9 எம்எம் டிரில் தோட்டா 250 குறைந்ததை மறைக்க அதே எண்ணிக்கையில் போலி. எண்ணினால் சரியாக வரும், கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதே அறிக்கை காணோம் என்ற 25 இன்சாஸ் துப்பாக்கி விஷயம் வேறு மாதிரி போனது. குற்றப்பிரிவு மொத்தம் 660 துப்பாக்கியையும் சரிபார்த்தபோது 647 முகாமில், 13 மணிப்பூர் பணியில். ஒரு பக்கம் பொருள் இருக்கிறது, பேரேடு பொய். இன்னொரு பக்கம் பேரேடு சரி, பொருள் பொய்.

லாட் நம்பர்:
தோட்டா கசிவது பெரும்பாலும் கிடங்கில் அல்ல, சுடுதளத்தில். 40 பேருக்கு ஆளுக்கு 30 வீதம் 1,200 எடுத்துப் போகிறார்கள். மழை வருகிறது, 900தான் சுடுகிறார்கள். மீதி 300ஐத் திருப்பிக் கொடுத்தால் லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை) வாரியாகப் பிரிக்கணும், துரு, பள்ளம் பார்க்கணும், மறுபடி கட்டி முத்திரை போடணும். "முழுவதும் சுடப்பட்டது" என்று எழுதினால் ஒரு கையெழுத்தோடு முடிந்தது.

ஜெர்மனியின் கேஎஸ்கே சிறப்புப் படை 2020இல் சிக்கியது 48,000 தோட்டாவும் 62 கிலோ வெடிபொருளும் கணக்கில் இல்லாமல். 'கேள்வி கேட்க மாட்டோம், கொண்டுவந்து போடுங்கள்' என்றதும் பல்லாயிரம் தோட்டா திரும்பி வந்தது. அப்படி மன்னித்ததற்காகத் தளபதி மீதே விசாரணை. குறைந்தால் தண்டனை என்றதும் ஒவ்வொரு பிரிவும் கணக்கில் வராத கையிருப்பு சேர்க்கத் தொடங்கும், குறையும் நாளில் அதை வைத்துச் சரிக்கட்ட. தணிக்கையில் பத்துத் தோட்டா அதிகம் வந்தால் சிரித்துவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்கேனர்:
காலி உறையை எடைபோட்டு வாங்கினால்? 5.56 எம்எம் தோட்டாவின் பித்தளை உறை சுமார் 6 கிராம், ஆயிரத்துக்கு 6 கிலோ.

பேரேடு பாண்டி:
தராசு 50 கிராம் பிசகினால் எட்டு உறை. புல்லில் தொலைவது தனி. போன வாரத்து உறையை ஒளித்துவைத்து இன்று சேர்த்தால் எடை கச்சிதமாக இருக்கும்! எடை வேண்டாம் என்று சொல்லவில்லை. உறையை வாங்கும் ஆள் தோட்டா கொடுத்த ஆளாக இருக்கக் கூடாது. வாங்கியதும் நசுக்கிவிட வேண்டும்.

லாட் நம்பர்:
அதோடு ஒன்று: ஒரு லாட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறந்த பெட்டி. அது தீராமல் அடுத்ததை உடைக்கக் கூடாது. திறந்த பெட்டியை ஒவ்வொரு பொறுப்பு மாற்றத்திலும் ஒவ்வொரு தோட்டாவாக எண்ணணும். மூடியதில் முத்திரை எண்ணைப் பார்த்தால் போதும்.

ஸ்கேனர்:
சரி, மூடிய பெட்டியின் முத்திரை எண்ணையாவது ஸ்கேன் செய்ய விடுவீர்களா?

பேரேடு பாண்டி:
தாராளமாக. இன்னும் போடாத முத்திரைகளின் கட்டு யார் மேசை டிராயரில் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.