மெதடிஸ்ட் சபையில் திருவிருந்து: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கிள்ளான் மருமகள்:
மாத முதல் ஞாயிறு, எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவது. மாமியார் இந்து. பேரன் பாடுகிறான் என்று வந்திருந்தார். "நீங்க உட்காருங்க மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் முன்னே போனேன். பீடத்தின் முன்னுள்ள கிராதியில் முழங்கால் போட்டுத் திரும்பினால் பக்கத்தில் அவர்! முந்தானையைத் தலையில் போட்டு, வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து ஏந்திக்கொண்டிருந்தார். போதகர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அப்பத்தை வைத்துவிட்டார். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்து ரசத்தைக் குடித்த மாமி, விரலில் பட்ட ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டார், கோயில் தீர்த்தம் மாதிரியே. நான் தடுத்திருக்க வேண்டுமா? எட்டு மாதமாகிறது.

பருத்தித்துறையான்:
போதகர் செய்தது பிழை. நான் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் எடுக்கும்வரை முன்னே போகாமல் வாங்கிலேயே இருந்தவன். அம்மா எழும்பிப் போவார், நானும் தம்பியும் அவருடைய பைபிளைக் காத்துக்கொண்டிருப்போம். பதினாறு வயதில் முதல்தரம் கையில் அப்பம் விழுந்தபோது அழுதேன். வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தால் அந்தக் காத்திருப்புக்கு என்ன பொருள்?

பழைய வெஸ்லியன், சென்னை:
அண்ணா, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையே படியுங்கள். திருவிருந்து மனந்திரும்பியவர்களுக்கு மட்டுமல்ல, மனந்திரும்ப வைப்பதும் அதுதான் என்று 1740ல் எழுதியவர் அவர். அவருடைய தாய் சுசன்னாவுக்குப் பாவமன்னிப்பின் நிச்சயம் கிடைத்ததே, 1739ல் கிண்ணம் வாங்கும்போதுதான். என் கதை சின்னது. எங்கள் சபை 1947ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. அப்பா கடைசி வாரம் விழுங்க முடியாமல் கிடந்தார். போதகர் ரசத்தில் விரலைத் தோய்த்து உதட்டில் வைத்தார். மூன்று நாளாகக் கண் திறக்காத மனிதர், நாக்கை நீட்டி நக்கினார்.

பருத்தித்துறையான்:
அப்பாவின் கதை மனதைத் தொட்டது. ஆனால் சுசன்னா ஞானஸ்நானம் பெற்றவர். வெஸ்லி பேசியதும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற இங்கிலாந்துக்காரர்களிடம். அதை இந்த அம்மாவுக்குப் பொருத்தாதீர்கள்.

ரசம் காய்ச்சும் அக்கா:
சண்டையை விடுங்கள். எங்கள் சபைக்கு நான்தான் ரசம் காய்ச்சுகிறேன். ஒருமுறை வியாழனே செய்து வெளியில் வைத்துவிட்டேன். ஞாயிறு மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை. வாழ்நாளில் மதுவைத் தொடாத மூப்பர் ஒருவர் குடித்துவிட்டு என்னை முறைத்தது இருக்கிறதே! புளிக்காத ரசத்தை முதலில் புட்டியில் அடைத்த வெல்ச் என்ற பல் மருத்துவரும் மெதடிஸ்ட்தான், 1869ல். சரி, நீங்களும் செய்யுங்கள். பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி, மசித்து, சிறு தீயில் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், பிழியாதீர்கள், கலங்கிவிடும். சூட்டோடு புட்டியில் ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தில் இருபது நிமிடம் நிற்க வையுங்கள். ஆறியதும் நேராகக் குளிர்பெட்டி. சர்க்கரை வேண்டாம், பிள்ளைகள் இன்னொரு கிண்ணம் கேட்கும்.

கிள்ளான் மருமகள்:
நான் ரசம் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்கவில்லை அக்கா :) போன வாரம் மாமி வீட்டுச் சாமி மேடையைத் துடைத்தேன். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடிக் கிண்ணம்! கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். சபையில் ஒன்று குறைகிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.