பிலிப்பைன்ஸில் ஆங்கிலம் போதுமா, தகலோக் கற்க வேண்டுமா? வீட்டுப் பணியாளர் சொல்லாமல் போய்விட்டார், உதவுங்கள்

புதிதாக வந்தவள்

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் பணி மாற்றத்தால் பிலிப்பைன்ஸுக்கு வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. இங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்று சொன்னதை நம்பித்தான் வந்தோம். கடையிலும் வங்கியிலும் அது உண்மையாகவே இருந்தது. ஐந்து வயது மகனைப் பார்த்துக்கொள்ள, வீட்டோடு தங்கும் ஒரு பெண்ணை எங்கள் குடியிருப்பின் காவலர் மூலமாக அமர்த்தினோம். நாற்பது வயது இருக்கும், மிகவும் பொறுமைசாலி. எதைச் சொன்னாலும் "யெஸ் மேம்" என்பார்.

சென்ற வியாழக்கிழமை, மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த காய்கறிக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போய், வாசலில் நின்றபடியே சற்று உரக்கக் கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவும் காவலரும் அங்கே இருந்தார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்தார். "இனிமேல் இப்படி நடக்கக் கூடாது, புரிந்ததா?" என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் புருவத்தை மட்டும் தூக்கினார். அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பி வரவில்லை. தொலைபேசி அணைந்திருக்கிறது. துணிகளில் பாதி இங்கேயே கிடக்கின்றன. கணவர் வெளியூரில் இருக்கிறார். புதன்கிழமை எனக்கு நேர்முகத் தேர்வு. இவ்வளவுக்கும் மொழி தெரியாததுதான் காரணமா? தகலோக் கற்க எத்தனை மாதம் ஆகும்?

மக்காத்தி கணக்காளர்

சகோதரி, பதினொரு ஆண்டுகளாக இங்கே இருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தகலோக் கட்டாயம் கற்க வேண்டும், இன்றே தொடங்குங்கள். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும் அலுவல் மொழிகள். அந்த ஃபிலிப்பினோ தகலோக்கை அடிப்படையாகக் கொண்டது. அலுவலகத்தில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற முடிவு சாப்பாட்டு மேசையில் தகலோக்கில் எடுக்கப்படும். முதல் எட்டு மாதங்கள் அந்த மேசையில் ஊமையாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தவன் நான். தொலைபேசியில் "ஃபார் எ வைல்" என்று யாராவது சொன்னால், அது "சற்றுப் பொறுங்கள்" என்ற பொருளில் என்று தெரியாமல், வைத்துவிடச் சொல்கிறார்கள் என எண்ணி எத்தனை அழைப்புகளைத் துண்டித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

நமக்கு அந்த மொழி எளிது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலக்காரருக்குப் புரிய வைப்பது கடினம். தகலோக்கில் அதுவே தாயோ, கமி என்று அப்படியே இருக்கிறது. மரியாதைக்கு நாம் "நீங்கள்" என்று பன்மையில் சொல்வதுபோல அவர்கள் "காயோ" என்பார்கள். அல்ல, இல்லை என்பவற்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு: "ஹிந்தி", "வலா". ஆம், தகலோக்கில் "ஹிந்தி" என்றால் "அல்ல" என்றுதான் பொருள். நம்மூர்க்காரர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி மகிழ்வது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு "போ" சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று: நேர்முகத் தேர்வு என்கிறீர்களே, கணவரின் பணி விசாவைச் சார்ந்து வந்தவராக இருந்தால், இங்குள்ள நிறுவனத்தில் சேர உங்கள் பெயரில் தனி வேலை அனுமதி பெற வேண்டும், அது தெரியுமா?

இலோயிலோ மருமகன்

கணக்காளர் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இந்த ஊர்ப் பெண்ணை மணந்தவன். மூன்று ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே மாமியாரோடு சமாதானமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தேவைப்படுவது மொழி இல்லை, காது. இவர்கள் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லமாட்டார்கள். "முயன்று பார்க்கிறேன்" என்றால் முடியாது என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். திருமணமான புதிதில் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க ஒரு தச்சரிடம் பேசினேன்; ஐந்து முறை "யெஸ் சார்" என்றார், ஆறாவது வாரம் மழையில் நனைந்த மெத்தையில்தான் படுத்தோம். அவர் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளவே இல்லை என்று என் மனைவி பிறகு விளக்கினார். இங்கே பேசும் ஹிலிகைனோன் மொழியோ, சண்டை போட்டாலும் தாலாட்டுப் பாடுவதுபோல ஒலிக்கும். அதைக் கற்றும் எனக்குப் பயனில்லை.

மரியாதையைப் பற்றிப் பேசுவதானால், நமக்குக் கிடைக்கும் மரியாதையையும் பேச வேண்டும். இந்தியர் என்றாலே "பும்பாய்". வட்டிக்கு விடுபவர்களை "ஃபைவ் சிக்ஸ்" என்பார்கள். ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டி. நம் நாட்டு வடக்கத்தி வணிகர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் தவணை வசூலித்ததால், என் தெருக் குழந்தைகள் என் வண்டியைக் கண்டாலும் உள்ளே ஓடுகிறார்கள். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பும்பாய் பிடித்துக்கொண்டு போவான் என்று பாட்டிமார் மிரட்டுவது இங்கே வழக்கம்.

தாவாவோ மருத்துவ மாணவன்

அக்கா, மொழி தேவையில்லை என்று மருமகன் அண்ணன் சொல்வதை நம்ப வேண்டாம். நோயாளியிடம் ஆங்கிலத்தில் கேட்டால் எங்கே வலிக்கிறது என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே மறைத்துவிடுவார்கள். அதே சமயம் தகலோக் மட்டும் படித்தாலும் பயனில்லை. எங்கள் ஊரில் பிசாயாதான், அதாவது செபுவானோ மொழி. அதில் தகலோக்கும் கலந்து வரும். ஒரே சொல்லுக்கு இரண்டிலும் வேறு பொருள். "லங்காம்" தகலோக்கில் எறும்பு, பிசாயாவில் பறவை. "பிலா" அங்கே வரிசை, இங்கே எத்தனை. முதலாண்டில், மணிலாவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியையிடம், பாடம் குழப்பமாக இருக்கிறது என்பதைப் பெருமையோடு பிசாயாவில் "லிபோக் கோ, மேம்" என்று சொன்னேன். தகலோக்கில் அந்தச் சொல்லுக்குக் காமம் என்று பொருள். வகுப்பே மேசைக்கு அடியில் போனது. மன்னிப்புக் கேட்கவும் எனக்குச் சொல் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை பெயர். படிவங்களில் "நடுப்பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். இவர்களுக்கு அது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். நானோ அப்பாவின் பெயரை எழுதினேன். மற்றொரு படிவத்தில் வெறும் முன்னெழுத்தை எழுதினேன். இரண்டு ஆவணங்களில் நான் இரண்டு ஆட்களாகிவிட்டேன்.

மக்காத்தி கணக்காளர்

பெயர்ச் சிக்கலைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி: இங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஏப்ரல் 3 என்று நான் எழுதியதை மார்ச் 4 என்று படித்து, ஒரு நாள் முழுவதும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். இங்கே பதிவு பெற்றுத் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் ஆண்டின் முதல் 60 நாட்களுக்குள் குடிவரவுத் துறையில் பதிய வேண்டும் என்பதால், பிப்ரவரி மாத வரிசையைச் சொல்லி மாளாது.

இலோயிலோ மருமகன்

வரிசையாவது பகலில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கரோக்கிக்கு முடிவே கிடையாது. செப்டம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் பாட்டு வேறு தொடங்கிவிடும். புளி கிடைக்கிறது, கறிவேப்பிலை கிடைப்பதில்லை, தூக்கமும் கிடைப்பதில்லை.

லாஸ் பானியோஸ் அக்கா

கறிவேப்பிலையைப் பிறகு தேடலாம். அந்தப் பெண்ணின் துணிகள் இன்னும் இவர் வீட்டில் கிடக்கின்றன, புதன்கிழமைக்கு இரண்டு நாட்கள்தான் இருக்கின்றன. தங்கச்சி, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை இதுவரை சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் சொந்த ஊர் எது? எழுத்தில் ஒப்பந்தம் போட்டீர்களா? வாரவிடுமுறை கொடுத்தீர்களா?

புதிதாக வந்தவள்

மன்னியுங்கள் அக்கா, நாங்கள் செபுவில், விமான நிலையம் இருக்கும் மக்தான் தீவில் இருக்கிறோம். அவர் போஹோல் தீவைச் சேர்ந்தவர். ஒப்பந்தம் எதுவும் இல்லை. காவலரின் பேச்சை நம்பி அமர்த்தினோம். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போக விட்டேன். முழு நாள் விடுமுறை என்று எதுவும் பேசவில்லை. நேர்முகத் தேர்வு சென்னை நிறுவனத்துக்கு, காணொளி வழியாக. கையில் இருக்கும் செயலியில் தகலோக் இருபது பாடங்கள் முடித்துவிட்டேன். அவை வீணா?

லாஸ் பானியோஸ் அக்கா

செபு என்ற ஒரு சொல் முதலிலேயே வந்திருந்தால், மேலே உள்ளதில் பாதி தேவைப்பட்டிருக்காது. நான் இருப்பது தகலோக் பேசும் லகூனா மாகாணம். 1960இல் தொடங்கிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைவராக இருந்தார். அதனால் இந்த ஊருக்குத் தமிழர் வருவதும் போவதும் புதிதில்லை. புதிதாக வரும் குடும்பங்களிடம் நான் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். செபுவிலும் போஹோலிலும் வீட்டு மொழி பிசாயா. தகலோக் அவர்களுக்குப் பள்ளியும் தொலைக்காட்சியும் தந்த மொழி. புரியும், ஆனால் வெளிநாட்டவர் அதில் பேசினால் நெருக்கம் கூடாது. செபுக்காரர் பலர் அதைவிட ஆங்கிலத்தையே விரும்புவர். கணக்காளர் சொன்ன "போ" பிசாயாவில் கிடையாது. உங்கள் இருபது பாடங்கள் மகனுக்கு உதவும்: மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை வட்டாரத் தாய்மொழியில் கற்பிக்கும் முறையை 2024 அக்டோபரில் வந்த சட்டம் நீக்கிவிட்டதால், உள்ளூர்ப் பள்ளியில் அவன் ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும் படிப்பான். பன்னாட்டுப் பள்ளி என்றால் கணக்கு வேறு.

இப்போது அந்தப் புருவம். நாம் ஆமாம் என்பதற்குத் தலையை ஆட்டுவதுபோல, இங்கே புருவத்தைச் சட்டென்று மேலே தூக்கினால் ஆமாம் என்று பொருள். நீங்கள் "புரிந்ததா" என்று கேட்டீர்கள், அவர் "புரிந்தது" என்று பதில் சொன்னார். சிரிப்பும் திமிர் அல்ல. நாலு பேர் முன்னிலையில் கூனிக்குறுகிப் போகும்போது வரும் சிரிப்பு அது. அந்தக் கூச்சத்தைத்தான் "ஹியா" என்பார்கள். பிறர் முன்னிலையில் திட்டு வாங்கியவர் மறுநாள் சண்டைக்கு வரமாட்டார், இப்படித்தான் சத்தமில்லாமல் போய்விடுவார். நம்முடைய தலையாட்டல் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் யோசியுங்கள்: நீங்கள் சரி என்று ஆட்டியதை அவர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்ட நாட்களும் இருந்திருக்கும். ஆட்காட்டி விரலை மடக்கி அழைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அப்படி நாயைத்தான் கூப்பிடுவார்கள்.

குழம்பில் கிடந்த துண்டுகளுக்கு எங்கள் பக்கத்தில் "சாஹோக்" என்று பெயர், சுவைக்காகச் சேர்ப்பது. அவர்கள் கணக்கில் அது காய்கறிக் குழம்புதான். இறைச்சி வேண்டாம் என்றாலும் மீனோ இறால் விழுதோ வந்துவிடும். ஆகவே வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: "வலாய் பாபோய், வலாய் மனோக், வலாய் இஸ்தா", அதாவது பன்றி இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை. இறாலையும் பெயர் சொல்லியே விலக்குங்கள்.

அவரை நேரடியாகத் துரத்தித் துரத்தி அழைக்காதீர்கள். காவலரைத் தனியே சந்தித்து, வருத்தப்படுவதாக அவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். நடுவில் ஒருவர் பேசினால் இருபக்கமும் முகம் காப்பாற்றப்படும். செய்தியில் "ஆத்தே, பசாய்லோஆ கோ" என்று மட்டும் பிசாயாவில் எழுதுங்கள்: அக்கா, என்னை மன்னியுங்கள். ஆத்தே என்றால் அக்கா. நம் காதில் ஆத்தா என்று விழும், தவறில்லை. மீதியை ஆங்கிலத்தில் எழுதலாம். செய்த வேலைக்கான கூலி தயாராக இருக்கிறது என்பதையும் தெரிவியுங்கள்.

திரும்பி வந்தால் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். 2013ஆம் ஆண்டின் வீட்டுப் பணியாளர் சட்டப்படி, இருவருக்கும் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு அவருடைய உரிமை. உங்கள் பராங்காய், அதாவது பகுதி ஊராட்சி, அலுவலகத்தில் அவர் பெயரைப் பதிய வேண்டும். ஒரு மாதம் வேலை செய்தவருக்குச் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலும் சேர உரிமை உண்டு, ஆண்டு இறுதியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு. அவரைக் "கசம்பஹாய்" என்றே சட்டம் அழைக்கிறது, வீட்டில் உடனிருப்பவர் என்று அதற்குப் பொருள்.

மக்காத்தி கணக்காளர்

அக்கா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் புதன்கிழமைக்கு மட்டும் வேறொரு ஆளை ஏற்பாடு செய்து வையுங்கள். ஒருமுறை போனவர் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

இலோயிலோ மருமகன்

நான் பார்த்திருக்கிறேன். தச்சர் திரும்பி வந்தார், ஏழாவது வாரத்தில்.

புதிதாக வந்தவள்

காவலரிடம் தனியே பேசினேன். அவருடைய மனைவி போஹோலுக்கு அழைத்துப் பேசினார். அரை மணி நேரம் சிரிப்பும் பேச்சுமாகப் போனது, அதில் என் பெயர் இரண்டு முறை வந்தது, மற்றது எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலைக் கப்பலில் வருகிறாராம். கப்பல் கட்டணத்தை நான் கொடுக்க வேண்டும், ஞாயிறு முழுவதும் ஓய்வு வேண்டும், அவருடைய மீனைச் சமைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்; காவலரின் மனைவி முன்னால் தலையை ஆட்டாமல் புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒப்பந்தத்தை இன்றிரவே எழுதப் போகிறேன். வாரவிடுமுறைக்குப் பிசாயாவில் என்ன சொல்?

தாவாவோ மருத்துவ மாணவன்

"டே ஆஃப்" தான் அக்கா. அப்படியே எழுதுங்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கப்பல் கட்டணத்துக்கு "ப்லீத்தே" என்று எழுதினால் போதும். தேதியை எண்ணால் எழுதாமல் மாதத்தின் பெயரை முழுதாக எழுதிவிடுங்கள்.