மைஸ்குவெலை நீக்கியபின் தரவுகள் காணாமல் போன அனுபவம்

உபுண்டு 22.04 இயங்குதளம் கொண்ட சர்வர் ஒன்றில், டேட்டாபேஸ் மென்பொருளான மைஸ்குவெல் 8.0-ஐ நீக்கிவிட்டு, அதே வகையைச் சேர்ந்த மரியாடிபி 10.6-ஐ நிறுவும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால், பழைய தரவுக் கோப்புகளைப் புதிய மென்பொருள் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கருவியின் ரிமூவ் கட்டளை மென்பொருளை மட்டும் அகற்றி, அமைவுக் கோப்புகளையும் தரவுக் கோப்புறையையும் விட்டுவைக்கும். எனக்கு வேண்டியதும் அதுவே என்பதால், பேக்கப் எடுக்காமலே அதை இயக்கினேன்.

மரியாடிபியை நிறுவும்போது திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. அதைப் படிக்காமல் என்டரை அழுத்தினேன். சேவை பிழையின்றித் தொடங்கியது, ஆனால் உள்ளே எங்கள் டேட்டாபேஸ்களில் ஒன்றுகூட இல்லை. அந்த அரை மணி நேரத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

தரவுகள் அழியவில்லை. பழைய கோப்புறையில் இருந்த ஓர் அடையாளக் கோப்பைக் கண்டு, இந்தத் தரவு வடிவத்தைத் தன்னால் நேரடியாகப் பயன்படுத்த இயலாது என்று உணர்ந்த நிறுவல் நிரல், அந்தக் கோப்புறையின் பெயருடன் ஓர் எண்ணைச் சேர்த்துப் பக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுமையான புதிய கோப்புறையை உருவாக்கியிருந்தது. நான் படிக்காமல் கடந்த அறிவிப்பு சொன்னதும் இதைத்தான். மைஸ்குவெல் 8.0-இல் அட்டவணைகளின் விவரங்கள் தனித்தனிக் கோப்புகளாக இல்லாமல் அதன் சேமிப்புப் பொறியான இன்னோடிபிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், மரியாடிபியால் அவற்றைப் படிக்க முடியாது.

வேறொரு கணினியில் அதே பதிப்பு மைஸ்குவெலை நிறுவி, ஒதுக்கப்பட்ட கோப்புறையின் நகலை அதற்குக் கொடுத்து, மைஸ்குவெல்டம்ப் என்ற ஏற்றுமதிக் கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் உரைக்கோப்பாக (டம்ப்) எடுத்தேன். அதை மரியாடிபியில் ஏற்றியபோது, மைஸ்குவெல் 8.0-இன் இயல்பான எழுத்து வரிசை முறையான, பெயரில் 0900 என்ற எண்ணைக் கொண்ட கொலேஷனைத் தனக்குத் தெரியாது என்று அது மறுத்தது. அந்தப் பெயரை மரியாடிபி அறிந்த யூனிகோட் கொலேஷனின் பெயராக மாற்றிய பின்னரே வேலை முடிந்தது. நீக்குவதற்கு முன்பே டம்ப் எடுத்திருந்தால் இந்தக் கொலேஷன் சிக்கல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

முழுவதுமாக அகற்ற விரும்புவோர் பர்ஜ் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். அது தரவுக் கோப்புறையையும் அழிக்கவா என்று கேட்கக்கூடும்; அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

இனி, மற்றோர் உறுப்பினரின் அனுபவம்:

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறானது. இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்குவெல்லை அகற்ற, அதே பெயருடைய பேக்கேஜை (நிறுவல் தொகுப்பை) நீக்கினேன். நீக்கப்பட்டது என்ற செய்தியும் வந்தது. ஆனால் அது பதிப்பெண் கொண்ட உண்மையான பேக்கேஜைச் சுட்டிக்காட்டும் வெற்றுப் பேக்கேஜ் மட்டுமே என்பதை நான் அறிந்திருக்கவில்லை. பதிப்பு 14 தொடர்ந்து 5432 போர்ட்டில் (செயலிகள் இணையும் வாயில் எண்) இயங்கிக்கொண்டிருக்க, நான் நிறுவிய பதிப்பு 16 தானாகவே 5433-க்குச் சென்றுவிட்டது. செயலியோ வழக்கம்போல் 5432-உடனே பேசியதால், நான்கு நாள் பதிவுகள் பழைய கிளஸ்டரிலேயே, அதாவது பதிப்பு 14-இன் டேட்டாபேஸ் தொகுதியிலேயே, சேர்ந்தன. கிளஸ்டர்களைப் பட்டியலிடும் கட்டளையை இயக்கி, இரண்டு வரிகளைக் கண்டபோதுதான் விவரம் புரிந்தது. அந்தப் பதிவுகளையும் சேர்த்து மீண்டும் டம்ப் எடுத்து, பதிப்பு 16-க்கு மாற்றிச் சரிபார்த்த பிறகே பழைய கிளஸ்டரை நீக்கினேன்.