அரட்டைச் சேவைக்கு எஸ்.ஆர்.வி. பதிவு சேர்த்தும் இணைப்பு கிடைக்கவில்லை

கேள்வி

வணக்கம். எனது டொமைனின் இணையதளம் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் பகிர்வு வழங்கியில் இயங்குகிறது. எங்கள் குழுவுக்கான எக்ஸ்.எம்.பி.பி. அரட்டைச் சேவையைத் தனியாக வேறொரு வழங்கியில் நிறுவியிருக்கிறேன். பயனர் முகவரி மின்னஞ்சலைப் போலவே 'பெயர்@எனதுதளம்.காம்' என்று அமைய வேண்டும் என்பதால், ஒரு சேவை எந்த வழங்கியில், எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று டி.என்.எஸ்.-இல் (டொமைன் பெயர்களுக்கான முகவரிப் புத்தகம்) சொல்லும் எஸ்.ஆர்.வி. பதிவைச் சேர்த்தேன்.

கட்டுப்பாட்டுப் பலகத்தில் பெயருக்கான கட்டத்தில் '_எக்ஸ்எம்பிபி-கிளையண்ட்._டிசிபி.எனதுதளம்.காம்' என்று எழுதி, முன்னுரிமை 10, எடை 5, போர்ட் 5222, இலக்கு 'சாட்.எனதுதளம்.காம்' என்று கொடுத்தேன். 'சாட்' என்பது வழங்கி நிறுவனம் தந்த நீண்ட பெயரைச் சுட்டும் சி-நேம் (மாற்றுப்பெயர்) பதிவு. இரண்டு நாள்கள் கடந்தும் செயலியில் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற செய்திதான் வருகிறது. தவறு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

மறுமொழி 1

நீங்கள் தந்திருக்கும் பிழைச்செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. எஸ்.ஆர்.வி. பதிவு கிடைக்காதபோது எக்ஸ்.எம்.பி.பி. செயலி டொமைனின் சாதாரண ஏ பதிவைப் (பெயருக்குரிய ஐ.பி. முகவரியைத் தருவது) பார்த்து, அந்த முகவரியிலேயே 5222 போர்ட்டைத் தட்டிப் பார்க்கும். உங்கள் ஏ பதிவு இணையதள வழங்கியைக் காட்டுகிறது. அங்கே அந்தப் போர்ட்டில் எதுவும் இயங்கவில்லை என்பதால் மறுப்பு வருகிறது. ஆகவே, பதிவு செயலியின் கண்ணில் படவே இல்லை என்று கொள்ளலாம்.

முதலில், உங்கள் டொமைனுக்கான நேம்சர்வர்கள் (டி.என்.எஸ். பதிவுகளை உலகுக்குத் தரும் வழங்கிகள்) எந்த நிறுவனத்தைச் சுட்டுகின்றன என்று பாருங்கள். டொமைனை ஓரிடத்தில் வாங்கி, ஹோஸ்டிங்கை வேறிடத்தில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பலகங்களிலும் டி.என்.எஸ். பக்கம் இருக்கும், நேம்சர்வர்கள் சுட்டாத பலகத்தில் எவ்வளவு சரியாக எழுதினாலும் அதை உலகம் படிப்பதில்லை. அது சரியாக இருந்தால், டி.என்.எஸ். பதிவுகளைக் கேட்டறியும் டிக் (dig) கட்டளையைக் கொண்டு அந்த நேம்சர்வரிடமே நேரடியாக எஸ்.ஆர்.வி. வகையைக் கேளுங்கள். இடையிலுள்ள சேமிப்புகள் குழப்பாமல் உண்மை நிலை தெரிந்துவிடும்.

மறுமொழி 2

நேம்சர்வர் சரியாக இருந்தால், பெயர்க் கட்டத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். பல பலகங்கள் நாம் எழுதுவதன் பின்னால் டொமைன் பெயரைத் தாமாகவே ஒட்டிவிடும். நீங்கள் முழுப்பெயரைக் கொடுத்திருப்பதால், பதிவு 'எனதுதளம்.காம்.எனதுதளம்.காம்' என்று இரட்டிப்பாகி, யாரும் கேட்காத ஒரு பெயரில் உட்கார்ந்திருக்கக்கூடும். '_எக்ஸ்எம்பிபி-கிளையண்ட்._டிசிபி' என்பதோடு நிறுத்திப் பாருங்கள். முன்னால் உள்ள அடிக்கோடுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். இலக்குக் கட்டத்தில் சில பலகங்கள் இறுதிப் புள்ளியை எதிர்பார்க்கும், சில அதை ஏற்காது. சேமித்த பின் டிக் காட்டும் விடையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2782 என்ற இணையத் தரநிலை ஆவணம், எஸ்.ஆர்.வி. பதிவின் இலக்கு ஒரு மாற்றுப்பெயராக இருக்கக் கூடாது என்கிறது. சி-நேம் வைத்தாலும் சில செயலிகள் சமாளித்துக்கொள்ளும், சில கைவிட்டுவிடும். இப்படிப் பாதி வேலை செய்யும் அமைப்பில்தான் பிழையைத் தேடுவது மிகக் கடினம். 'சாட்' பெயருக்கு நேரடியாக ஏ பதிவும், ஐ.பி.வி.6 முகவரி இருந்தால் அதற்கான ஏ.ஏ.ஏ.ஏ. (AAAA) பதிவும் வையுங்கள்.

முன்னுரிமை, எடை இரண்டும் உங்கள் சிக்கலுக்குக் காரணம் அல்ல. சிறிய முன்னுரிமை எண் கொண்ட வழங்கியே முதலில் முயலப்படும். ஒரே முன்னுரிமையில் பல வழங்கிகள் இருக்கும்போதுதான் எடை பங்கைத் தீர்மானிக்கும். ஒரே வழங்கி என்றால் எடையை 0 என்று வைப்பதே முறை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேம்சர்வர் சரியாகவே இருந்தது, பெயர்தான் இரட்டித்திருந்தது. அதைத் திருத்தி, 'சாட்' பெயருக்கு ஏ பதிவும் வைத்தேன். நேம்சர்வர் உடனே சரியான விடையைத் தந்தாலும், என் கணினிக்கு அது வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. இப்போது இணைப்பு கிடைக்கிறது. ஆனால் வழங்கியின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பொருந்தவில்லை என்று செயலி எச்சரிக்கிறது. சான்றிதழ் 'சாட்.எனதுதளம்.காம்' பெயரில் முறையாகப் பெற்றதுதான்.

மறுமொழி 2

அந்தத் தாமதம் இயல்பானது. 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்ற விடையும் சேமித்து வைக்கப்படும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டொமைனின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட எஸ்.ஓ.ஏ. பதிவு தீர்மானிக்கிறது.

சான்றிதழ் 'எனதுதளம்.காம்' பெயருக்கு இருக்க வேண்டும். டி.என்.எஸ். விடையை வழியில் யாரேனும் மாற்றி வேறு வழங்கிக்குத் திருப்பிவிட முடியும் என்பதால், செயலி எஸ்.ஆர்.வி. சொன்ன இலக்கை நம்பாமல், பயனர் முகவரியில் உள்ள டொமைனையே சான்றிதழில் தேடுகிறது. இந்தக் கண்டிப்பு நம் பாதுகாப்புக்காகவே என்பதால், எச்சரிக்கையைப் புறக்கணிக்கும்படி உங்கள் குழுவினரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். சான்றிதழ் தருவதற்கு முன் டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும் சரிபார்ப்பு, ஹெச்.டி.டி.பி. வழியாக நடந்தால் இணையதள வழங்கிக்குப் போய்விடும். ஆகையால் இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் டி.என்.எஸ். வழியைத் தேர்ந்தெடுத்து, '_ஆக்மி-சேலஞ்ச்' என்ற டெக்ஸ்ட் பதிவின் மூலம் அரட்டை வழங்கியிலேயே சான்றிதழைப் பெறலாம். பிற டொமைன்களில் உள்ளவர்களோடும் பேச வேண்டுமானால் '_எக்ஸ்எம்பிபி-சர்வர்._டிசிபி' என்ற இரண்டாவது பதிவை 5269 போர்ட்டுடன் சேர்த்து, தீயரணில் அந்தப் போர்ட்டையும் திறந்துவிடுங்கள்.